மூச்சு மாற்றுகிற இடம்

சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு ஆலங்காயத்தில் ஷூ கம்பெனி பஸ் வந்து நிற்கும். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் வேலை முடித்துத் திரும்புகிற பெண்கள் இறங்குவார்கள். கையில் டிபன் பை, கழுத்தில் இன்னும் கழற்றாத அடையாள அட்டை, துணியெல்லாம் பசை வாசனை. பெரும்பாலோர் வீட்டைப் பார்த்து நடப்பார்கள். நான்கைந்து பேர் மட்டும் டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு நேரே கோயிலுக்கு வருவார்கள். ஏழு மணிக்கு அங்கே கொயர் பயிற்சி.

எங்கள் ஊரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். வாணியம்பாடியிலிருந்து ஜவ்வாது மலைக்குப் போகிற சாலையில் இருக்கிறது ஆலங்காயம். இன்னும் மேலே ஏறினால் காவலூர். அங்கே வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி 1986 முதல் இரவு இரவாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கீழே பாலாற்றுப் பக்கம் தோல் ஊர்கள்: வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இன்னும் தள்ளி ராணிப்பேட்டை. மேலே விண்மீன், கீழே தோல். நடுவில் நாங்கள்.

அந்தக் கொயரில் இருபது வருஷமாக நான் பேஸ் பாடுகிறேன். முன்வரிசையில் ஆல்டோ பாடிய அக்கா ஒருவர் இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஷூவின் மேல்பாகம் தைக்கிற பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். கன்வேயரில் வருகிற துண்டில் ஒரு தையல் போட்டு அடுத்தவரிடம் தள்ளுவது அவருடைய வேலை. நாள் முழுக்க அதே தையல்தான், மணிக்கு இத்தனை ஜோடி என்று டார்கெட். அப்படி ஒரு நாளை முடித்துவிட்டு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் ஆல்டோ பாடுவார்.

ஆல்டோ என்றால் என்ன என்று பாடாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். நான்கு குரலில் சோப்ரானோவுக்கு மெட்டு கிடைக்கும். பேஸுக்கு அடித்தளம் கிடைக்கும். டெனருக்கு அங்கங்கே மேலே ஏறி மின்னுகிற இடங்கள் கிடைக்கும். ஆல்டோவுக்கு மிச்சம் கிடைக்கும். இரண்டு மூன்று சுரங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும் வரி அது. தனியாகப் பாடினால் என்ன பாட்டு என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் சோறு பொங்கும்போது முணுமுணுக்கக்கூட அது ஆகாது.

ஒரு நாள் அந்த அக்காவிடம் கேட்டேன். "அக்கா, மெட்டெல்லாம் சோப்ரானோவுக்குப் போயிடுது. உங்களுக்கு அலுக்கலையா?"

"நான் பாடுறது எனக்கே தனியா கேக்காதுப்பா," என்றார். "ஆனா நிறுத்தினா கேக்குது."

அதற்குமேல் அவர் விளக்கவில்லை. நோட்டைத் திருப்பிக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். அந்த ஒரு வாக்கியம் எனக்குப் புரிய பல வருஷம் ஆயிற்று.

எங்கள் பக்கத்து லுத்தரன் கோயில்களில் இரண்டு வகைப் பாட்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். ஒன்று ஞானப்பாட்டு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவின் காலத்திலிருந்து ஜெர்மன் மெட்டுகளுக்குத் தமிழ்ச் சொல் போட்டுப் பாடிய வழக்கம் அது. சென்னை வேப்பேரியில் வாழ்ந்த பப்ரிசியஸ் அந்த மொழிபெயர்ப்புகளில் பெரும் உழைப்பைப் போட்டார். இன்னொன்று கீர்த்தனை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் ராகமும் தாளமும் வைத்துக் கட்டியது. 1895-இல் மிசூரி லுத்தரன் மிஷன் கிருஷ்ணகிரிப் பக்கம் ஊழியம் தொடங்கி, பிறகு ஆம்பூர், வாணியம்பாடி என்று பரவியது. அந்த மரபில் வந்த சபைகளில் இன்றும் இரண்டையும் பாடுகிறார்கள். ஞானப்பாட்டு நான்கு குரலுக்கென்றே எழுந்து நிற்கும் கட்டடம். கீர்த்தனை ஓடுகிற ஆறு. ஆனால் சபையார் இரண்டையும் ஒரே குரலில்தான் பாடுவார்கள். பிரித்துப் பாடுவது கொயரின் வேலை.

எங்கள் மாஸ்டர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். கீர்த்தனையை நான்கு குரலுக்கு எழுதிக் கொண்டுவருவார். ஐந்துகோட்டு நொட்டேஷன் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. டானிக் சோல்ஃபாவில் எழுதிக் கொடுப்பார். டோ, ரே, மீ என்ற பெயர்களின் முதலெழுத்தை மட்டும் வைத்துப் பாட்டை எழுதுகிற முறை. இங்கிலாந்தில் நார்விச்சில் சாரா குளோவர் என்ற ஆசிரியை தன் மாணவிகளுக்காக உண்டாக்கியது, ஜான் கர்வன் என்ற போதகர் 19-ஆம் நூற்றாண்டில் அதைத் திருத்திப் பரப்பினார். பியானோ வாங்க வசதியில்லாத தொழிலாளர்களும் பள்ளிப் பிள்ளைகளும் பிரித்துப் பாடக் கற்றது அதை வைத்துத்தான். மிஷனரிகள் அதை உலகமெல்லாம் கொண்டுபோனார்கள். சரிகமவும் பெயர்களின் முதலெழுத்துகள்தானே? அதனால்தானோ என்னவோ நம்மவர்கள் அதை அந்நியமாக நினைக்கவில்லை. எங்கள் கோயில் அலமாரியில் பழுப்பேறிய நாற்பது பக்க நோட்டுகள் இருக்கின்றன. மூன்று தலைமுறைக் கையெழுத்தில் அதே எழுத்துகள்.

ஒத்திசை வெள்ளைக்காரர் கொண்டுவந்தது, நம்முடையது ஒற்றை மெட்டின் இசை என்று சொல்கிறவர்கள் உண்டு. இந்த மண்ணின் வழியைத் தேடிய ஒரு முயற்சி எங்கள் பக்கமும் நடந்தது. பக்கத்துத் திருப்பத்தூரில் 1921-இல் சவரிராயன் ஏசுதாசனும் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கினார்கள். இரண்டு மருத்துவர்கள், ஒருவர் தமிழர், இன்னொருவர் ஸ்காட்லாந்துக்காரர். அங்கே கோபுரத்தோடு தமிழ்க் கோயிலைப் போலவே ஆலயம் கட்டினார்கள். அந்நிய உடையையும் அந்நியப் பழக்கத்தையும் களைந்துவிட்டு இந்த மண்ணின் முறையில் கடவுளை வணங்க வேண்டும் என்ற ஆசை அது. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். அங்கே போய் உட்காரும்போதெல்லாம் மனம் அடங்குகிறது.

ஆனாலும் சேர்ந்து ஒலிப்பது நமக்கு அந்நியம் என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. நாதஸ்வரக் கச்சேரியில் முன்னால் இருக்கிறவரை எல்லோருக்கும் தெரியும். பின்னால் ஒருவர் ஒத்து ஊதுவார். ஒரே சுரம், தொடக்கத்திலிருந்து முடிவுவரை. கன்னத்தில் காற்றைத் தேக்கி வைத்துக்கொண்டு, மூக்கால் மூச்சை இழுத்து, ஒலி அறாமல் ஊத வேண்டும். அவருக்கு மாலை விழாது. 'ஒத்து ஊதுகிறான்' என்பதை நாம் வசைச் சொல்லாகவே ஆக்கிவிட்டோம். இன்று பெரும்பாலும் அவருடைய இடத்தில் சுருதிப்பெட்டி உட்கார்ந்துவிட்டது. அந்த ஒரு சுரம் இல்லாவிட்டால் மேலே நாதஸ்வரம் செய்கிற எந்த ஜாலமும் எங்கிருந்து கிளம்பியது, எங்கே திரும்பியது என்று காதுக்குத் தெரியாது. ஒத்து ஊதியவரும் நிறுத்தினால்தான் கேட்கப்படுகிறவர்.

பறைக்குழுவும் அப்படித்தான். ஒவ்வொருவர் கையிலும் வேறு வேறு அடி, எல்லாம் சேர்ந்தால்தான் ஆட்டத்துக்குக் கால் எழும். தோல் ஊரில் இருந்துகொண்டு பறையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இந்த வட்டாரத்தின் சோறு தோலில் இருக்கிறது. தோலைத் தொட்டவர்கள்மேல் ஊர் சுமத்திய இழிவும் தோலில் இருக்கிறது. கோயிலுக்குள்ளும் சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார்ந்த காலம் தமிழ்த் திருச்சபைக்கு உண்டு. மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இசை கற்பித்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005) இந்த இடத்தைத் தொட்டார். பறட்டை என்பது அவருடைய புனைபெயர். மேற்கத்திய ஒத்திசையையும் நன்றாகக் கற்றவர். நாட்டுப்புற மெட்டுகளை வைத்துக் கிராமிய இசை வழிபாட்டை உண்டாக்கினார், ஆராதனைக்குள் பறையைக் கொண்டுவந்தார். எல்லோரும் ஒரே உலையில் பொங்கித் தின்பதுதான் நற்செய்தி என்பது அவருடைய உறுதி. கேட்டவர்கள் எடுத்துத் தங்கள் ஊருக்கேற்ப மாற்றிப் பாடலாம் என்ற விடுதலையோடுதான் தன் பாட்டுகளைக் கொடுத்தார்.

ஒரே உலை என்ற சொல்லை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சோற்றைப் பகிர்ந்துகொள்வது பெரிய காரியம். கொயரில் நாங்கள் பகிர்ந்துகொள்வது அதைவிட நெருங்கிய ஒன்று. அதை எனக்குக் காட்டியது தூர தேசத்துப் பாட்டு ஒன்று.

1997 செப்டம்பர் 6, சனிக்கிழமை. லண்டனில் டயானாவின் இறுதிச் சடங்கைப் பக்கத்து வீட்டு டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் நாள்தான் அன்னை தெரசா இறந்திருந்தார். சாயங்காலம், சடங்கு முடிந்து பெட்டியைத் தூக்கியவர்கள் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தைவிட்டு மெல்ல வெளியே நடந்தபோது கொயர் ஒரு பாட்டைப் பாடிற்று. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அடியில் ஏதோ ஒன்று நிற்காமல் இருந்தது. ஆர்கன் என்று நினைத்தேன். பல வருஷம் கழித்து மாஸ்டர் தன் செல்போனில் அதே பாட்டைப் போட்டுக் காட்டியபோதுதான் அது மனிதக் குரல் என்று தெரிந்தது.

ஜான் டாவனர் 1993-இல் அகால மரணமடைந்த ஓர் இளம்பெண்ணின் நினைவாக எழுதிய பாட்டு அது. டாவனர் கிழக்குத் திருச்சபையில் சேர்ந்த ஆங்கிலேயர். பேஸ் பாடுகிறவர்கள் முதலிலிருந்து கடைசிவரை ஒரே சுரத்தைப் பிடித்திருக்க வேண்டும். மற்றக் குரல்கள் அதன்மேல் எழுந்து, துக்கப்பட்டு, ஒரு கட்டத்தில் பெரும் வெளிச்சமாக விரிந்து, மறுபடி அடங்குகின்றன. கீழே அந்தச் சுரம் அசைவதில்லை. பைசாந்திய வழிபாட்டின் பழைய வழக்கம் அது. நமக்கு அது ஒத்து, தம்புரா.

அதன்பிறகு மாஸ்டர் இப்படிப்பட்டவற்றைத் தேடித் தேடி எங்களுக்குக் கேட்கக் கொடுத்தார். ஆர்வோ பேர்ட் என்ற பெயரை அப்படித்தான் அறிந்தேன். 1935-இல் எஸ்தோனியாவில் பிறந்தவர். சோவியத் ஆட்சியில், 1968-இல், கிறிஸ்துவை விசுவசிக்கிறேன் என்று வெளிப்படையாகப் பாடும் ஒரு படைப்பை மேடையேற்றி அதிகாரிகளின் கோபத்துக்கு ஆளானார். பிறகு ஏறக்குறைய எட்டு ஆண்டு பெரும்பாலும் மௌனம். அந்த நாட்களில் பழைய துறவிமடப் பாட்டுகளைக் கற்றார். 1976-இல் மறுபடி எழுதத் தொடங்கியபோது அவருடைய இசை மிக எளிமையாகிவிட்டிருந்தது. இரண்டு குரல். ஒன்று படிப்படியாக நடக்கும். இன்னொன்று அடிப்படைச் சுரக் கூட்டின் மூன்று சுரங்களைவிட்டு வெளியே போகாது. ஒரு குரல் ஊர் சுற்றப் போகிறது, ஒரு குரல் வீட்டிலேயே இருக்கிறது, போனவரை இருந்தவர் கைவிடுவதில்லை. சுருதியோடு வளர்ந்த காதுக்கு இதைப் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இசையெல்லாம் மெதுவானது. பாக் எழுதிய கோரல் என்ற நான்கு குரல் ஞானப்பாட்டில் சொல்லுக்குச் சொல் நகர்ச்சி உண்டு, வரிக்கு வரி மூச்சு எடுக்க இடமுண்டு. இந்தப் புதிய புனித இசையில் ஒரு சுரம் தொடங்கினால் முடிவதாகத் தெரியாது. யாருடைய நுரையீரலுக்கும் அடங்காத நீளம். அப்படியானால் அதை எப்படிப் பாடுவது?

கொயர்க்காரர்களுக்கு வழி தெரியும். எங்கள் மாஸ்டர் அதை மூச்சு மாற்றுவது என்பார். எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு எடுக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் எடுக்கும்போது நீ எடுக்காதே. சொல் முடிகிற இடத்தில் எடுக்கத்தான் தோன்றும், அங்கே எடுக்காதே, எல்லோருக்கும் அங்கேதான் தோன்றும். உயிரெழுத்தின் நடுவில் குரலைத் தேய்த்துத் தேய்த்து இல்லாமல் ஆக்கு, சத்தமில்லாமல் மூச்சை இழு, மறுபடி மெல்ல மெல்லக் குரலை வளர்த்து உள்ளே வா. நீ போனதும் தெரியக் கூடாது, வந்ததும் தெரியக் கூடாது.

கேட்க எளிது, செய்வது கடினம். முதல் சில வருஷம் நடுவில் குரலை நிறுத்த எனக்கு வெட்கமாக இருந்தது. முகம் சிவக்க, கழுத்து நரம்பு புடைக்கப் பிடித்திருப்பேன். கடைசியில் குரல் நடுங்கி, சுரம் கீழே இறங்கி, எல்லோரையும் கெடுத்துவிடுவேன். ஒரு நாள் மாஸ்டர் நிறுத்தச் சொல்லி என்னைப் பார்த்தார். "நீ விடமாட்டேன்றதுதாம்பா பிரச்சினை," என்றார். "விடு. அவங்க பிடிச்சிருக்காங்க."

அன்றைக்கு விட்டுப் பார்த்தேன். நான் வாயை மூடி மூச்சை இழுத்த அந்த இரண்டு நொடியில், நான் பாடிக்கொண்டிருந்த சுரம் என்னைச் சுற்றிலும் நின்றுகொண்டிருந்தது. நான் இல்லாமல் என் குரல் இருந்தது. பிறகு அதற்குள் மறுபடி நுழைந்தேன். அந்த இரண்டு நொடியில் நான் அறிந்ததை எத்தனை பிரசங்கம் கேட்டும் அறிந்ததில்லை.

ஷூ கம்பெனியில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். அங்கேயும் வேலை பிரிந்துதான் இருக்கிறது. ஒருவர் தோலை வெட்டுவார், ஒருவர் ஓரத்தைச் சீவி மெல்லிசாக்குவார், ஒருவர் தைப்பார், ஒருவர் பசை போடுவார், வேறொரு கூடத்தில் அது அச்சில் ஏறும். அக்கா போட்ட தையல் எந்த நாட்டில் எந்தக் காலில் நடக்கிறது என்று அவர் கடைசிவரை அறியவில்லை. ஒரு முழு ஷூவைக் கையில் பிடித்துப் பார்க்கக்கூட நேரம் இருந்ததில்லை. அங்கே அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் துண்டுகள் தேங்கும், மேற்பார்வையாளர் வருவார். அவர் போட்டதும் ஒரு பகுதி வேலைதான். ஆனால் முழுமை வேறு யாருக்கோ போய்ச் சேர்ந்தது.

கொயரிலும் அவருக்குக் கிடைத்தது ஒரு பகுதிதான், அதிலும் யாரும் கவனிக்காத பகுதி. ஆனால் அந்தப் பகுதியைச் செய்துகொண்டிருக்கும் நேரத்திலேயே முழுமையும் அவரைச் சுற்றி எழுந்து நிற்கிறது. செய்கிறவரே அதன் நடுவில் இருக்கிறார். அவர் களைத்து நிறுத்தினால் பக்கத்தில் இருப்பவர் பிடித்துக்கொள்கிறார், யாரும் கணக்குக் கேட்பதில்லை. ஐந்து நாள், ஆறு நாள் முதல் வகையில் வாழ்ந்தவர்களுக்கு இரண்டாவது வகை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் அந்தப் பெண்களின் முகத்தில் பார்த்தேன். களைப்போடு வந்து உட்கார்ந்தவர்கள் எட்டரை மணிக்கு எழுந்திருக்கும்போது நிமிர்ந்து எழுந்திருப்பார்கள்.

ஸ்வீடனில் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் இதில் ஒரு பங்கை அளந்து காட்டினார்கள். சேர்ந்து பாடும்போது பாடுகிறவர்களின் இதயத் துடிப்பு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகிறது. மூச்சை வெளியே விடும்போது துடிப்பு சற்றுத் தணியும், இழுக்கும்போது கூடும். பாட்டு என்பது நீளமாக மூச்சை விடுவது, ஒரே வரியைப் பாடுகிறவர்கள் ஒரே நேரத்தில் விடுகிறார்கள், அதனால் இதயங்களும் சேர்ந்துகொள்கின்றன. நல்ல கண்டுபிடிப்பு. இருந்தாலும் ஒன்றாக மூச்சு விடுவதைவிட, ஒருவருக்காக ஒருவர் வேறு வேறு நேரத்தில் விடுவது பெரிய காரியம் என்பது என் எண்ணம். முன்னது உடம்பு தானாகச் செய்வது. பின்னதற்குப் பக்கத்தில் இருப்பவரைக் கவனிக்க வேண்டும்.

கேட்கிறவர்களுக்கு என்ன கிடைக்கிறது? ஐரோப்பாவில் ஞாயிறு ஆராதனைக்குப் போகாதவர்கள் இந்தப் புனித இசைக்கு டிக்கெட் வாங்கிப் போகிறார்கள். மேடைக் கச்சேரிகளைக் கணக்கெடுக்கும் பாக்ட்ராக் என்ற இணையதளத்தின் பட்டியலில், 2011 முதல் 2018 வரை வாழும் இசையமைப்பாளர்களில் உலகில் அதிகம் நிகழ்த்தப்பட்டவர் ஆர்வோ பேர்ட். நம் பக்கம் 2005-இல் இளையராஜா திருவாசகத்தைப் புடாபெஸ்ட் சிம்பனி இசைக்குழுவோடு சேர்ந்திசையாகக் கொண்டுவந்தார். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஓதுவார் ஒருவரும் அடியார் கூட்டமும் உருகிப் பாடிய நூல் அது. வாணியம்பாடியில் எனக்கு ஒரு சைவ நண்பர் உண்டு. அந்த இசைத்தட்டு வந்த புதிதில் தன் கடையைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து கேட்டார். "தனியா ஓதுறப்ப நான் அழுவேன்," என்றார். "இதுல எனக்குப் பின்னாடி ஒரு ஊரே அழுவுது."

எங்கள் டீக்கடைக்காரர் முஸ்லிம். கோயிலுக்குள் வந்ததில்லை. ஒரு சனிக்கிழமை பயிற்சி முடிந்து நாங்கள் போனபோது டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "இன்னாப்பா, நடுவுல ஒரு எடத்துல யாருமே மூச்சு வுடல போல கீதே?"

அவருக்கு இசையிலக்கணம் எதுவும் தெரியாது. ஆனால் இந்த இசை எதனால் புனிதம் என்பதைத் தெருவில் நின்றே பிடித்துவிட்டார். மூச்சு விடாதவர் எங்களில் ஒருவரும் இல்லை. எல்லோரும் விட்டோம், எல்லோரும் களைத்தோம், எல்லோரும் பாதியில் நிறுத்தினோம். தெருவுக்குக் கேட்டதோ நிற்காத ஒரே மூச்சு. மனிதருடைய மூச்சைவிட நீளமான ஒரு மூச்சை மனிதர்களே சேர்ந்து உண்டாக்குகிறார்கள், அது அவர்களில் ஒருவருடையதும் இல்லை. ஆவி என்ற தமிழ்ச் சொல்லுக்கு மூச்சு என்றும் உயிர் என்றும் பொருள் உண்டு. கோயிலில் கடவுளை அந்தச் சொல்லால்தான் அழைக்கிறோம். நித்தியம் என்ற சொல்லைச் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது எப்படி ஒலிக்கும் என்று எனக்கு இந்த வழியில்தான் தெரிந்தது.

அதே மூச்சு எங்களைப் பிரித்த காலமும் வந்தது. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்குக் கொயர் பயிற்சிக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் 53 பேருக்குக் கொரோனா கண்டது அல்லது கண்டதாகக் கருதப்பட்டது. இரண்டு பேர் இறந்தார்கள். சேர்ந்து பாடுவதும் நோய் பரவ ஏற்ற வழி என்று உலகத்துக்கு உணர்த்திய நிகழ்ச்சிகளில் ஒன்று அந்த மாலை. எங்கள் பயிற்சியும் நின்றது. அலமாரியைப் பூட்டினோம். கம்பெனி பஸ் மறுபடி ஓடத் தொடங்கியபோதும் கோயிலில் பாட்டு இல்லை.

2021 மே மாதம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் அவருடைய மகன் ஒன்றரை நாள் அலைந்தான். மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்விட்டார். எத்தனையோ வருஷம் எங்களுக்காக மூச்சை மாற்றிக் கொடுத்தவருக்கு எங்களில் ஒருவராலும் ஒரு மூச்சு கொடுக்க முடியவில்லை. இதை நினைக்காமல் நான் ஒரு சனிக்கிழமையும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. அடக்கத்தில் பாடவும் விடவில்லை. ஐந்தாறு பேர், முகத்தில் துணி, எட்டி நின்று ஜெபம், அவ்வளவுதான்.

மறுபடி பயிற்சி தொடங்கிய முதல் நாள் மாஸ்டர் நாங்கள் நன்றாக அறிந்த ஒரு கீர்த்தனையை எடுத்தார். மெட்டு சரியாக இருந்தது. பேஸ் சரியாக இருந்தது. இரண்டாவது அடியில் எல்லோருக்கும் ஒன்று கேட்டது. யாரும் தப்பாகப் பாடவில்லை. நடுவில் ஒரு சுரம் இல்லை. அங்கே ஆல்டோவில் மீதமிருந்த மூன்று பேரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்துவிட்டார்கள். முன்பெல்லாம் அந்த இடத்தில் யார் பிடித்திருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாஸ்டர் கையை இறக்கிவிட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வெளியே மலைச் சாலையில் ஒரு லாரி ஏறிப் போகிற சத்தம் கேட்டது.

பாட்டை மாற்றி எழுதிவிடலாம், மூன்று குரலாக்கிவிடலாம் என்று டெனரில் ஒருவர் சொன்னார். மாஸ்டர் ஒப்பவில்லை. ஆல்டோ பெண்களைப் பார்த்து, அந்த இடத்தில் யார் எப்போது எடுப்பது என்று பென்சிலால் நோட்டில் குறித்துக்கொள்ளச் சொன்னார். முதல் பெண் இரண்டாவது சொல்லின் நடுவில், அடுத்தவள் அதற்குப் பின்னால், மூன்றாமவள் கடைசியில். மறுபடி தொடங்கினோம். நான்காவது முறை பாடியபோது சுரம் அறுபடாமல் நின்றது. முன்னளவு பலம் இல்லை. ஆனால் நின்றது.

சேர்ந்து பாடுகிற வழக்கம் நம் ஊர்களில் மெலிந்துகொண்டிருக்கிறது. கீபோர்டில் தாளத்தை ஓடவிட்டு, மைக்கை ஒருவர் கையில் கொடுத்துவிட்டால் ஆராதனை நடந்துவிடுகிறது. அதைப் பாடுகிறவர்களின் பக்தியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அங்கே ஒருவர் நிறுத்தினால் யாருக்கும் கேட்காது. கோயிலோ, பஜனை மடமோ, பள்ளிக்கூடமோ, எங்கே இருந்தாலும் பத்துப் பேராவது கூடி, பாட்டைப் பிரித்து, ஒருவர் மூச்சை ஒருவர் கவனித்துப் பாடுகிற ஓர் இடத்தை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு மெட்டை மட்டும் சொல்லிக்கொடுக்காமல் இரண்டாம் குரலையும் சொல்லிக்கொடுங்கள்.

எங்கள் பயிற்சி இப்போதும் சனிக்கிழமை ஏழு மணிக்குத்தான். கம்பெனி பஸ் வருகிற நேரத்துக்கு ஏற்ப ஐந்து பத்து நிமிடம் முன்னே பின்னே ஆகும். நொட்டேஷன் தெரிந்திருக்க வேண்டியதில்லை, மாஸ்டர் எழுதிக் கொடுப்பார். ஆல்டோவில் இன்னும் ஓர் ஆள் தேவை.